உருட்டுவதா, உயர்த்துவதா?

கந்தளாயிலிருந்து மாணவ நேயர் ஒருவர் எழுதிய கடிதம் இவ்வாரம் நம் முன் இருக்கின்றது. சீனக்குடாக் கோல்ப் களத்தில் வேலை செய்யும் அவருடைய மாமனார் முறையிலுள்ள உறவினர் ஒருவர், பழைய கோல்கள் மூன்றைக் கொடுத்து, ஓய்வு நாட்களில் ஆட்டத்தையும் பழக்கி வருகின்றாராம். 7ஆம் எண் கோல் ஒன்று, 9ஆம் எண் கோல் ஒன்று, 'சாண்ட் வெட்ஜ்' எனப்படும் மணற்கோல் ஒன்று. இவையே அவருடைய செல்வம். அவர் எழுதுகின்றார்:

"தூரத்துக்கு அடிப்பதில் எனக்குப் பெருங்குறை இல்லை. பந்து எப்படியோ பசுந்தரையின் ஓரத்துக்குப் போய்விடுகின்றது. அதன் பின்னரே தொல்லை. இப்பக்கமிருந்து அடித்தால் அப்பக்கம் ஓடுகின்றது; அப்பக்கமிருந்து அடித்தால் மீண்டும் இப்பக்கமே வந்து சேர்கின்றது. 'எல்லாவற்றையும் மணற்கோலாலேயே அடி. ஒரு கோலை முற்றப் பழகு' என்கின்றார் மாமா. 'தூரத்துக்கு ஏற்றபடி கோலை மாற்று' என்கின்றார் அவருடைய நண்பர். நான் யார் சொற்படி நடப்பது?"

கேள்வி சிறியதுபோலத் தோன்றுகின்றது. ஆயினும், கோல்ப் ஆட்டத்தின் பாதி நுட்பம் இக்கேள்விக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றது. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம். கோல் பிடித்தறியாத நேயர்களும் உடன் வரலாம். வழியில் தடுக்கி விழும்படியான சொற்களை இயன்றவரை விலக்கிவிடுகின்றோம்.

செல்வர் ஆட்டமா?

"கோல்ப் என்பது செல்வர் விளையாட்டன்றோ? கந்தளாய் மாணவனுக்கு அதனோடு என்ன தொடர்பு?" என்று கேட்போர் இருப்பர். கோல்ப் நம் நாட்டுக்கு வந்த காலத்தில் அது துரைமாரின் ஆட்டமாகவே இருந்தது உண்மை. 1879இல் கொழும்பில் ஒரு கழகம் அமைந்தது. 1896இல் அது பொரளைப் பக்கத்திலுள்ள இன்றைய களத்துக்குப் பெயர்ந்தது. 1928இல் 'ரோயல்' என்னும் அடைமொழியையும் பெற்றது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை அக்களத்தின் நடுவே செல்வதைப் பயணம் செய்த நேயர்கள் கண்டிருப்பர். மலைநாட்டில் நுவரெலியாக் களமும் அதே நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததே.

ஆனால், துரைமார் ஆடுகையில் அவர்தம் கோல்களைச் சுமந்தவர் யார்? அயலூர்ச் சிறுவர்களே. 'கெடி' என்று பெயர்பெற்ற அச்சிறுவர்கள், பகலெல்லாம் பை சுமந்து, மாலையில் முறிந்த கோல் ஒன்றை வைத்துக்கொண்டு தாமே ஆடிப் பழகினர். இலங்கையின் சிறந்த ஆட்டக்காரர் பலர் அவ்வாறு கெடிகளாகத் தொடங்கியவர்களே. இன்று என். தங்கராஜா, கே. பிரபாகரன் போன்ற நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர், இந்தியத் தொழில்முறைச் சுற்றுப் போட்டிகளிலும் பெயர் பெற்றிருக்கின்றனர்.

நம் மாணவரின் அயலிலேயே ஒரு களம் இருக்கின்றது. கந்தளாயில் ஏறித் திருகோணமலைக்குப் புகையிரதத்தில் செல்வோர், தம்பலகாமத்தைக் கடந்ததும் சீனக்குடாவை அடைவர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த அதே சீனக்குடாவில், இன்று விமானப்படையின் பயிற்சிக் கழகமும், 'ஈகிள்ஸ் கோல்ப் லிங்க்ஸ்' என்னும் விமானப்படையின் கோல்ப் களமும் இருக்கின்றன. குண்டு விழுந்த ஊரில் பந்து உருள்வது நல்ல மாற்றமே.

நூறு கெஜமும் ஒரு சாணும்

ஆட்டத்தை அறியாதார்க்கு ஒரு சொல். கோல்ப் களத்தில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் புல்லை மிகக் குட்டையாக வெட்டிய தரை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'கிரீன்' எனப்படும் அதனையே நாம் பசுந்தரை என்கின்றோம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர். ஏறத்தாழ நான்கேகால் அங்குலம். அதற்குள் பந்தை ஆகக் குறைந்த அடிகளில் விழுத்துவதே ஆட்டம். பசுந்தரைமேல் பந்தை உருட்டித் தள்ளுவதற்குத் தட்டையான முகமுள்ள தட்டுகோல் ஒன்று உண்டு. 'பட்டர்' என்பது அதன் பெயர். பந்து பசுந்தரைக்குச் சற்று வெளியே நிற்கும்போது அதனைச் சிறிது எழுப்பி, தரையில் இறக்கி, குழியை நோக்கி உருள விடுவதே 'சிப்' அடி. இதில் பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைவு. தரையில் ஓடும் நேரம் அதிகம்.

கணக்கேட்டில் எல்லா அடிக்கும் ஒரே விலை. இருநூறு கெஜம் பறக்கும் அடியும் ஒன்று; ஒரு சாண் தூரம் நகரும் தட்டும் ஒன்று. வலிமையுள்ளவன் முன்னடியில் பெற்ற ஆதாயத்தையெல்லாம், பசுந்தரை ஓரத்தில் இரண்டு அடி வீணாக்கினால் இழந்துவிடுவான். 1938ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைச் சங்கப் போட்டியின் இறுதியாட்டத்தில் நடந்ததும் இதுவே. ஒருபுறம் சாம் ஸ்னீட். அக்காலத்தில் தூர அடிக்குப் பேர்போனவர். மறுபுறம் போல் ரன்யன். சிறிய உடல், குறைந்த தூரம். ஆயினும், பசுந்தரையை அண்மியதும் ரன்யனுக்கு நிகர் அரியர். ஏழு குழிகள் எஞ்சியிருக்கும்போதே எட்டுக் குழி முன்னணியில் நின்று ரன்யன் வென்றார்.

சிப் அடிக்குத் தோள் வலிமை வேண்டியதில்லை. பாடசாலைச் சிறுமியும், ஓய்வுபெற்ற தாத்தாவும், வயலில் உழைத்த இளைஞனும் இங்கே ஒரே படியில் நிற்பர். மூன்று பழைய கோல்கள் மட்டும் உடைய மாணவன், பை நிறையக் கோல் வைத்திருப்பவனோடு சமமாக நிற்கக்கூடிய இடமும் இதுதான். விதிப்படி ஒருவர் 14 கோல்களுக்குமேல் எடுத்துச் செல்லலாகாது. இத்தனைக்குக் குறையக்கூடாது என்று விதி எதுவும் இல்லை.

முதலில் நிலம், பிறகு கோல்

புதிதாகப் பழகுவோர் பந்தண்டை வந்ததும் கையில் அகப்பட்ட கோலோடு குழியைப் பார்த்து நின்றுவிடுகின்றனர். தவறு அங்கேயே தொடங்குகின்றது. கோலைத் தெரிவது மூன்றாவது வேலை. அதற்கு முன்னே பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, பந்து கிடக்கும் நிலை. பந்தின் கீழே புல் மெத்தைபோல் இருக்கின்றதா, அல்லது வெட்டை நிலமா? புல்லுக்குள் புதைந்திருக்கின்றதா, அல்லது மேலே அமர்ந்திருக்கின்றதா? பந்துக்கும் குழிக்கும் இடையே என்ன இருக்கின்றது: நெடும்புல்லா, மணற்குழியா, வெறுந்தரையா?

இரண்டாவது, பந்து எங்கே இறங்க வேண்டும் என்பது. பசுந்தரையின் ஓரத்திலிருந்து உட்பக்கமாக ஒரு கவடு தள்ளி இறங்குவது பெரும்பாலும் நன்று. கவடு என்றது கால் அகலவைத்து நடக்கும் ஒரு நடையை; ஏறத்தாழ மூன்றடி. ஓரப்புல்லில் இறங்கும் பந்து மேட்டில் பட்டால் துள்ளும். பள்ளத்தில் பட்டால் நிற்கும். பசுந்தரை சமமானது, அதில் இறங்கும் பந்தின் நடத்தையை முன்கூட்டியே கணிக்கலாம்.

இறங்கும் இடத்தைத் தெரிந்தபின் அதுவே உம்முடைய குறி. குழியைச் சிறிது நேரம் மறந்துவிட வேண்டும். 2005ஆம் ஆண்டு அமெரிக்க மாஸ்டேர்ஸ் போட்டியின் 16ஆம் குழியில் டைகர் வுட்ஸ் அடித்த சிப் அடியை உலகம் இன்றும் பேசுகின்றது. அவர் குழியை நோக்கி அடிக்கவில்லை. குழிக்கு இடப்புறம் வெகுவாக விலகிய மேட்டில் ஓரிடத்தைத் தெரிந்து அங்கே பந்தை இறக்கினார். அது சரிவில் திரும்பி, மெல்ல உருண்டு, குழியின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, உள்ளே விழுந்தது. ஓடும் வழியைத் தரையின் சாய்வு அமைத்துக் கொடுத்தது. இறங்கும் இடத்தைத் தெரிந்ததே அவர் செய்த வேலை.

மூன்று படிகள்

நிலத்தைப் பார்த்தாயிற்று, இறங்கும் இடமும் தெரிந்தாயிற்று. இனி எந்த அடி என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எளியதிலிருந்து தொடங்கி, அது முடியாதபோதே அரியதற்குச் செல்ல வேண்டும்.

தட்டுகோலால் தள்ள முடியுமானால் தள்ளுக. பந்துக்கும் பசுந்தரைக்கும் இடையிலுள்ள புல் குட்டையாகவும் உலர்ந்தும் இருந்தால், வெளியிலிருந்தே தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. சுமாராகத் தள்ளிய பந்தும், சிறப்பாக அடித்த சிப் பந்து நிற்கும் இடத்துக்கு அருகிலேயே நிற்பதைப் பழகியோர் அறிவர்.

தள்ள முடியாவிட்டால் உருட்டுக. இடையே சிறிது நெடும்புல் இருந்து, அதற்கப்பால் பந்து ஓடத் தரையும் இருந்தால், சாய்வு குறைந்த கோலால் தாழ்வாக எழுப்பி உருள விட வேண்டும்.

உருட்டவும் வழியில்லையெனில் மட்டும் உயர்த்துக. மணற்குழி குறுக்கே கிடக்கின்றது, குழியோ ஓரத்துக்கு மிக அண்மையில் இருக்கின்றது என்றால், மணற்கோலால் உயர எழுப்பி மெல்ல இறக்குவதல்லால் வேறு வழியில்லை. கண்ணுக்கு இனிய அடி அதுவே. ஆயினும் பிழைக்க அதிக இடமுள்ள அடியும் அதுவே. கோல் அரை அங்குலம் தவறினாலும் பந்து காலடியிலேயே கிடக்கும். அல்லது அடுத்த பக்கத்துக்குப் பறந்துவிடும். நம் மாணவரின் பந்து இங்குமங்கும் ஓடுவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். உருட்ட வேண்டிய இடத்திலும் அவர் உயர்த்துகின்றார்.

பன்னிரண்டிலிருந்து கழித்தல்

கோலைத் தெரிவதற்கு ஆட்டக்காரரிடையே வழங்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. நான்காம் வகுப்புக் கணிதமே போதும்.

பந்திலிருந்து இறங்கும் இடம்வரை எத்தனை கவடு என்று எண்ணுக. அங்கிருந்து குழிவரை எத்தனை கவடு என்று எண்ணுக. பின்னதை முன்னதால் வகுத்து, வந்த விடையைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் கோலின் எண் கிடைக்கும். 'பிட்சிங் வெட்ஜ்' என்னும் கோலைப் பத்து என்றும், மணற்கோலைப் பதினொன்று என்றும் கொள்ள வேண்டும்.

நம் மாணவரின் மூன்று கோல்களைக்கொண்டே பார்ப்போம். பந்து பசுந்தரைக்கு இரண்டு கவடு வெளியே கிடக்கின்றது. ஒரு கவடு உள்ளே தள்ளி இறக்க வேண்டும். ஆகவே காற்றில் மூன்று கவடு. அங்கிருந்து குழிக்குப் பதினைந்து கவடு இருந்தால், ஐந்து மடங்கு ஓட வேண்டும். பன்னிரண்டில் ஐந்து போக ஏழு. 7ஆம் எண் கோலை எடுக்க வேண்டும். ஒன்பது கவடு இருந்தால் மூன்று மடங்கு. 9ஆம் எண் கோல். மூன்றே கவடு இருந்தால் ஒரு மடங்கு, மணற்கோல். மூன்று தூரத்துக்கும் பந்து இறங்கும் இடம் ஒன்றே, அடியும் ஏறத்தாழ ஒன்றே. கோல் மட்டுமே மாறுகின்றது.

இடைப்பட்ட கணக்கு வந்தால்? இறங்கும் இடத்திலிருந்து குழிக்குப் பன்னிரண்டு கவடு, நான்கு மடங்கு, 8ஆம் எண் கோல் வேண்டும். அது கையில் இல்லை. அப்போது 9ஆம் எண் கோலை எடுத்து, இறங்கும் இடத்தை முக்கால் கவடு முன்னே தள்ளிவைத்தால் கணக்கு நேராகிவிடும். 7ஆம் எண் கோலை எடுத்து அரைக் கவடு பின்னே இழுக்கவும் செய்யலாம். ஆனால் அவ்வாறு செய்தால் பந்து ஓரப்புல்லை ஒட்டி இறங்கும். ஆகவே முந்தியதே மேல்.

இக்கணக்குச் சமதரைக்கு உரியது. மேட்டை நோக்கி ஓட வேண்டுமாயின் ஓர் எண் குறைந்த கோலையும், பள்ளத்தை நோக்கி ஓடுமாயின் ஓர் எண் கூடிய கோலையும் கொள்ள வேண்டும். தரை வரண்டு இறுகியிருந்தால் பந்து கூடுதலாக ஓடும். அப்போதும் எண் கூட வேண்டும். மழையில் நனைந்த தரையில் ஓட்டம் குறையும். எண் குறைய வேண்டும். எண் குறையக் குறைய முகம் நிமிர்ந்து பந்து அதிகம் ஓடும். எண் கூடக் கூட முகம் சாய்ந்து பந்து அதிகம் எழும். இதனை நினைவில் வைத்தால் மற்றவை தாமே வரும்.

கச்சானும் மாரியும்

வெளிநாட்டு நூல்களைப் படித்துப் பழகுவோர், நம் கீழ்மாகாணத்து நிலத்தில் வழுக்கி விழுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அந்நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு ஈரப்புல்லை நினைந்து எழுதப்பட்டவை. திருகோணமலைப் பகுதியில் வைகாசி தொடங்கி ஆவணிவரை வரண்ட கச்சான் காற்று வீசுகையில், நீர் பாய்ச்சாத நிலம் ஓடுபோல் இறுகிவிடும். கார்த்திகை, மார்கழி மாரியிலோ அதே நிலம் குழைந்து கிடக்கும். ஒரே பந்து, ஒரே தூரம், ஒரே ஆட்டக்காரர். ஆயினும் ஆடி மாதத்துக் கோல் மார்கழிக்கு உதவாது.

மணற்கோலின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்பகுதி சற்றுப் புடைத்துத் தாழ்ந்திருக்கும். மணலிலும் நெடும்புல்லிலும் கோல் புதைந்து போகாமல் மிதந்து வருவதற்காகவே அப்புடைப்பு. இறுகிய வெட்டை நிலத்திலோ அதே புடைப்புத் தரையில் மோதித் துள்ளும். துள்ளிய விளிம்பு பந்தின் நடுவயிற்றில் படும். பந்து அம்புபோல் அப்பால் பாயும். ஆகவே கச்சான் காலத்து வெட்டை நிலத்தில், புடைப்புக் குறைந்த 9ஆம் எண் கோலோ 7ஆம் எண் கோலோ நம்பத்தக்க தோழன். மாரி காலத்துச் செழும்புல்லில் மணற்கோல் தன் பெருமையைக் காட்டும்.

புல்லின் இயல்பையும் அறிய வேண்டும். உலகின் வெப்பநாட்டுக் களங்களில் 'பெர்மியூடா' என்று போற்றப்படும் புல் வேறெதுவுமன்று. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகின்ற அறுகே அது. மணமக்களை வாழ்த்தும்போது அறுகுபோல் வேரூன்றுக என்கின்றோமே, அவ்வுறுதியே ஆட்டக்காரருக்கு இடையூறும் ஆகின்றது. அறுகின் தாள் ஒருபுறம் சாய்ந்து படரும். பந்து ஓடும் திசையில் சாய்ந்திருந்தால் தரை வெளிறிப் பளபளக்கும். பந்து விரைந்து ஓடும். எதிர்த்திசையில் சாய்ந்திருந்தால் தரை கருமையாகத் தோன்றும். பந்து தளர்ந்து நிற்கும். பந்தின் கீழுள்ள அறுகு நம்மை நோக்கிச் சாய்ந்திருக்குமாயின் மணற்கோலின் விளிம்பு அதில் சிக்கிக்கொள்ளும். அங்கே தட்டுகோல், அல்லது 7ஆம் எண் கோலால் தரையை வருடிச் செல்லும் அடியே தக்கது.

அடிக்கும் முறை

முறை மிக எளிது. வலக்கைப் பழக்கமுடையோர்க்குச் சொல்கின்றோம், இடக்கையினர் மாற்றிக்கொள்க. பாதங்களை நெருக்கி வைக்க வேண்டும். உடலின் பாரம் இடக்காலில் சற்று அதிகமாக இருக்கட்டும். பந்து நடுவுக்குச் சிறிது வலப்புறமாகவும், கைகள் பந்துக்குச் சற்று முன்னே இடப்புறமாகவும் இருக்க வேண்டும். கோலைக் கீழிறக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல், தோள்களை ஊஞ்சல்போல் அசைத்துத் தட்டுகோலால் தள்ளுவதுபோலவே அடிக்க வேண்டும். பின்னே போன அளவுக்கு முன்னேயும் போகட்டும். பந்தண்டை வந்து தயங்கலாகாது.

பலரும் செய்யும் பிழை, பந்தை எழுப்ப எண்ணி, அகப்பையால் கஞ்சி அள்ளுவதுபோல் கோலால் அள்ளுவது. அள்ளும்போது கோல் பந்துக்குப் பின்னுள்ள நிலத்தில் முதலில் படும், பந்து நகராது. அல்லது நிலத்தைத் தொடாமலே மேலெழுந்து பந்தின் நடுவில் படும், பந்து பறந்துவிடும். இரண்டும் வேறுவேறு நோய்போலத் தோன்றினாலும் மூலம் ஒன்றே. பந்தை எழுப்புவது கோல் முகத்தின் சாய்வு. அவ்வேலையை அதனிடமே விட்டுவிட்டு, நாம் கீழ்நோக்கி அடிக்க வேண்டும்.

மாமாவும் நண்பரும்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஒரு கோலா, பல கோலா?

மாமாவின் பக்கம் நிற்போருள் தலையாயவர் ஸ்பெயின் நாட்டு செவே பாலெஸ்தெரோஸ். பெத்ரேனியா என்னும் கடலோர ஊரிற் பிறந்த அவர், சிறுவயதில் தம்மிடமிருந்த 3ஆம் எண் கோல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடற்கரை மணலிலே பழகினார். உயர்த்த வேண்டியதையும் அதனாலேயே உயர்த்தினார்; உருட்ட வேண்டியதையும் அதனாலேயே உருட்டினார். 1976இல், தம் 19ஆம் வயதில், பிரித்தானியத் திறந்த போட்டியின் கடைசிக் குழியில் அவர் பந்து பசுந்தரைக்கு வெளியே நின்றது. குறுக்கே மணற்குழிகள் இரண்டு. மேலே உயர்த்தி அடிப்பார் என எல்லோரும் எதிர்பார்த்தனர். அவரோ இரண்டு மணற்குழிகளுக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய வழியே தாழ்வாக உருட்டிவிட்டார். பந்து குழிக்கு அண்மையில் நின்றது. ஜாக் நிக்கிளஸோடு சமமாக இரண்டாம் இடம் கிடைத்தது. மூன்றாண்டுகளின் பின், 1979இல், அப்போட்டியிலேயே வெற்றிவாகை சூடினார்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. ஒரே கோலால் பழகியவர் செவே. ஆயினும் அவருடைய பெருமைக்குக் காரணம் கோலன்று, வழியைக் கண்ட கண். அக்கண்ணை அவருக்குத் தந்தது, நாள்தோறும் பல மணி நேரம் பழகிய சிறுபராயம்.

நண்பரின் பக்கமும் வலியதே. ஒரே அடியைப் பழகி, கோலை மாற்றுவதால் தூரத்தை மாற்றும் வழி, குறைந்த நேரம் பழகுவோர்க்கு ஏற்றது. பாடமும் பரீட்சையும் உடைய மாணவருக்கு, ஒரு கோலின் பத்து வகை அடிகளைப் பழகுவதைவிட, ஓர் அடியை மூன்று கோல்களால் பழகுவது எளிது. பதற்றமான வேளையில் கைக்கு நினைவிருப்பதும் அந்த ஓரடியே.

மணற்கோலே வேண்டியிருக்கும் வேளைகளும் உண்டு. 1982ஆம் ஆண்டு அமெரிக்கத் திறந்த போட்டியில், பெபிள் பீச் களத்தின் 17ஆம் குழியில், டொம் வாட்சனின் பந்து பசுந்தரை ஓரத்து நெடும்புல்லுள் கிடந்தது. குழியோ அண்மையில், தரையோ பள்ளம் நோக்கிச் சரிந்தது. உருட்ட இடமில்லை. மணற்கோலின் முகத்தை விரித்து மெல்ல எழுப்பினார். பந்து குழிக்குள்ளேயே விழுந்தது. நிக்கிளஸை இரண்டடி வேறுபாட்டில் வென்றார். 1987ஆம் ஆண்டு மாஸ்டேர்ஸ் போட்டியிலோ, லாரி மைஸ் அதே வகைக் கோலால் ஏறத்தாழ 140 அடி தூரத்திலிருந்து, பந்தைப் பசுந்தரைக்கு முன்னரே நிலத்தில் மோதவிட்டு உருட்டி, குழியில் விழுத்திக் கிரெக் நோமனை வென்றார். ஒரே வகைக் கோல். ஒருவர் உயர்த்தினார், மற்றவர் உருட்டினார். இருவருக்கும் வழி சொன்னது நிலமே.

ஆகவே தம்பி, உம் மாமாவும் பிழையாகச் சொல்லவில்லை. நண்பரும் பிழையாகச் சொல்லவில்லை. மாமா சொல்வது பழகி முதிர்ந்தவனின் வழி. நண்பர் சொல்வது பழகத் தொடங்குபவனின் வழி. முதல் ஆண்டு நண்பரின் சொற்படி ஓர் அடியையும் மூன்று கோல்களையும் பழகும். அடி கைக்குப் படிந்தபின், மாமாவின் சொற்படி மணற்கோலின் பல வகைகளையும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும். இதனை மாமாவிடமே மரியாதையாக எடுத்துச் சொன்னால், கோல் கொடுத்தவர் மனம் வருந்தார், மகிழவே செய்வார்.

வளவில் ஒரு பயிற்சி

களத்துக்குப் போக இயலாத நாளில் வீட்டு வளவே போதும். சிறு பிள்ளைகளைப் பின்னால் நிறுத்திவிட்டு, கண்ணாடி யன்னல் இல்லாத பக்கத்தை நோக்கி நில்லும். மூன்று கவடு தூரத்தில் பழைய சுளகு ஒன்றை வையும். அதுவே இறங்கும் இடம். ஒவ்வொரு கோலாலும் பத்துப் பந்து அடித்து, சுளகில் எத்தனை விழுந்தன என்று கொப்பியில் குறித்துக்கொள்ளும். பந்து எங்கே போய் நிற்கின்றது என்பதை முதல் வாரம் பார்க்கவே வேண்டாம். பத்தில் ஆறு சுளகில் விழத் தொடங்கிய பிறகு, பந்து ஓடும் தூரத்தையும் கவட்டால் அளந்து குறியும். பன்னிரண்டு என்ற கணக்கு உம் வளவுக்கும் உம் கைக்கும் எவ்வளவு பொருந்துகின்றது என்பது அப்போது வெளிப்படும். பொருந்தாவிட்டால் கணக்கைத் திருத்திக்கொள்ளும்; நூலைவிட உம் கொப்பியே உமக்கு உண்மை சொல்லும்.

களத்தில் நிற்கும்போது இன்னும் ஒன்று. நிலத்தைப் பார்த்து, இறங்கும் இடத்தைத் தெரிந்து, கோலை எடுத்தபின் மனத்தை மாற்றலாகாது. இரண்டு வழிகளுக்கிடையில் ஐயம் எழுந்தால் தாழ்ந்த வழியையே கொள்ளும். உருண்ட பந்து தவறினாலும் அடுத்த அடிக்கு வழி இருக்கும். உயர்ந்த பந்து தவறினால் அடுத்த அடியும் தொல்லையிலிருந்தே தொடங்கும்.

சுளகில் விழுந்த கணக்கை ஒரு மாதம் குறித்துவைத்து நமக்கு எழுதியனுப்பும். மூன்று கோல்களில் எது உமக்கு நண்பன், எது இன்னும் அந்நியன் என்பதை அக்கணக்கிலிருந்து பார்த்துச் சொல்வோம். அடுத்த வாரம், மணற்குழிக்குள் விழுந்த பந்தை வெளியே எடுக்கும் வழியைப் பற்றிப் பேசுவோம்.